எங்கட ஆள்

எங்கள் வீட்டு வரவேற்பறையில், சோபாவுக்கும் யன்னலுக்கும் நடுவே, நிலத்தோடு நிலமாக ஓர் இரும்புத் தட்டி இருக்கிறது. 10 அங்குல நீளம், 4 அங்குல அகலம். குளிர்காலத்தில் அதற்குள்ளால்தான் சூட்டுக்காற்று வரும். ஊரிலிருந்து யாராவது வேப்பம்பூ கொண்டுவந்தால் அம்மா அதை உழுந்தும் செத்தல் மிளகாயும் சேர்த்துக் குழைத்து, வடகமாகத் தட்டி, அந்தத் தட்டிக்கு மேலே ஒரு கம்பி அடுக்கில் காயப்போடுவார். ஜனவரியில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வெய்யிலை நம்பி வடகம் போட முடியாது. இரண்டு நாளில் காய்ந்துவிடும். அந்த இரண்டு நாளும் வீடு முழுக்க ஒரு கசப்பு வாசம் ஓடும். படுக்கையறை, குளியலறை, மகளின் பள்ளிக்கூடப் பை, ஒன்றும் தப்பாது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் வெளிக்காற்றை எடுப்பதில்லை, வீட்டுக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துச் சூடாக்கி அனுப்புகிறது என்பதை எனக்கு முதன்முதலில் விளங்கப்படுத்தியது அந்த வாசந்தான்.

1991 இல் நான் கனடாவில் வந்து இறங்கியபோது ஒரு வீட்டின் நிலவறையில் இருந்தேன். பேஸ்மென்ற் என்றால்தான் எங்கள் ஆட்களுக்கு விளங்கும். ஒட்டுப்பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஃபர்னஸ், இந்தப் பக்கம் என் கட்டில். ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு ‘பொப்’ என்று நெருப்புப் பற்றும். கொஞ்சம் பொறுத்துக் காற்றாடி உறுமத் தொடங்கும். அடுப்புக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டும் குளிரில் நடுங்கினேன். சூட்டுக் குழாய்களெல்லாம் தலைக்கு மேலே முகட்டோடு ஓடி மேல் வீட்டுக்குப் போயின. எங்களுக்கென்று முகட்டில் இரண்டு துவாரங்கள் மட்டும். வந்த சூடும் முகட்டிலேயே நின்றுவிடும். தெர்மோஸ்ராற் மேல் வீட்டு நடையில், பூட்டுப் போட்ட ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்குள் இருந்தது. ரொறன்ரோவில் இப்போது செப்ரெம்பர் 15 முதல் ஜூன் 1 வரை வாடகை வீட்டில் குறைந்தது 21 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்று மாநகரத்தின் விதி இருக்கிறது. அந்த நாளில் எனக்கு விதியும் தெரியாது, கேட்கவும் தெரியாது. வீட்டுக்காரர் எங்களுக்குப் பக்கத்து ஊர். கொஞ்சம் சூட்டைக் கூட்டுங்கோ என்று சொல்ல மூன்று குளிர்காலமாக எனக்கு வாய் வரவில்லை. இரண்டு காற்சட்டை போட்டுக்கொண்டு படுத்தேன்.

2004 இல் சொந்த வீடு வாங்கினோம். 1960களில் கட்டிய செங்கல் பங்களோ. ஊரில் பங்களா என்றால் துரைமார் வீடு. இங்கே பங்களோ என்றால் மாடியில்லாத சின்ன வீடு. தொலைபேசியில் நான் சொன்னதை அம்மா பங்களா என்று கேட்டு, ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். இரண்டு வருடம் கழித்து அவர் இங்கே வந்து வாசலில் நின்று பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஃபர்னஸ் வீட்டோடு வந்த பழசு. 2011 ஒக்டோபரில் ஒருநாள் அது ‘டிக்’ என்றது. ‘பொப்’ வரவில்லை.

“எங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார். நல்லாச் செய்வார், மலிவு” என்றார் மைத்துனர்.

‘எங்கட ஆள்’ என்ற சொல்லுக்குள் பல வட்டங்கள் இருக்கின்றன. வெளிவட்டத்தில் அவர் தமிழர். அதற்கு உள்ளே யாழ்ப்பாணம். அதற்கும் உள்ளே பக்கத்து ஊர். ஆக உள்ளே, உன் சித்தப்பாவைத் தெரிந்தவர். வட்டம் சுருங்கச் சுருங்க, கேட்கக்கூடிய கேள்விகளும் சுருங்கிக்கொண்டே போகும். இவர் ஐந்து நிமிடத்தில் ஆக உள்வட்டத்துக்கு வந்துவிட்டார். என் தம்பியும் அவரும் ஒரே பள்ளிக்கூடம், இரண்டு வகுப்பு வித்தியாசம்.

ரோர்ச் லைற்றோடு கீழே இறங்கினார். பழைய ஃபர்னஸின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தகட்டைத் துடைத்துப் பார்த்தார். மணிக்கு 100,000 பி.டி.யு சூடு என்று இருந்தது. “அதே சைஸ் போடுவம் அண்ணை. குறைச்சுப் போட்டா உங்களுக்குத்தான் குளிரும்.” எங்கள் வீட்டுக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்ற கணக்கு அவ்வளவுதான். மேலே வந்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியும் ரோல்ஸும் முடிய விலை சொன்னார். ஃபர்னஸும் கோடைக்கு ஏசியும் சேர்த்து 6,200 டொலர். “காசாத் தந்தீங்களெண்டா வரி இல்லை.”

வரி 13 வீதம். 806 டொலர். நான் மனதுக்குள் கணக்குப் பார்த்ததை மனைவி முகத்திலேயே வாசித்துவிட்டாள். குசினிக்குக் கூப்பிட்டு, “பில் இல்லாட்டி நாளைக்கு ஆரிட்டப் போய்க் கேக்கிறது?” என்றாள்.

“எங்கட ஆள்தானே” என்றேன்.

ஊரில் எங்கள் வீடு கட்டும்போது அப்பா மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்து, மேசனைக் கேள்வி கேட்டே களைக்கப் பண்ணுவார். ஒரு பை சீமெந்துக்கு எத்தனை சட்டி மணல் போட்டனீர்? நூல் பிடிச்சனீரோ? தண்ணி ஊத்தினனீரோ? அந்த மேசனும் எங்கட ஆள்தான். அவர் ஒருநாளும் கோபித்ததில்லை. பகிடி விட்டுக்கொண்டு பதில் சொல்வார். அப்பாவுக்கு முடிந்தது எனக்கு ஏன் முடியவில்லை என்று கனநாள் யோசித்திருக்கிறேன். அப்பாவுக்குச் சீமெந்து தெரியும். எனக்கு ஃபர்னஸ் தெரியாது. தெரிந்தவன் கேட்டால் அது வேலைக் கதை. தெரியாதவன் கேட்டால், அவனுக்கே தன் குரல் சந்தேகப்படுவது மாதிரிக் கேட்கும். அதோடு மேசன் கட்டின சுவர் கண்ணுக்கு முன்னால் நிற்கும். அவர் முந்திக் கட்டின வீட்டையும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். இந்த மனிதர் செய்யும் வேலை முழுவதும் தகரக் குழாய்க்குள்ளும் சுவருக்குப் பின்னாலும் இருக்கிறது.

இரண்டு பேர் வந்தார்கள். பழைய பெட்டியைக் கழற்றி, படியால் இழுத்து ஏற்றி, மாலை 6 மணிக்குள் புதிதைப் பூட்டிவிட்டார்கள். புதிய ஃபர்னஸின் புகை செங்கல் புகைக்கூண்டுக்குப் போகாமல், இரண்டு வெள்ளை பிளாஸ்ரிக் குழாய்களால் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. சூட்டை அவ்வளவு உறிஞ்சிவிடுவதால் பிளாஸ்ரிக் தாங்குகிற அளவுக்குப் புகை ஆறிவிடுகிறது. எனக்கு அது அதிசயமாக இருந்தது. அவர் இரவு புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுத்தான் போனார். உறையைக் கொடுத்தேன். எண்ணாமல் சட்டைப் பைக்குள் வைத்தார். அதை நான் ஒரு மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

குளிர் வந்தது. பெட்டி நான்கு நிமிடம் இரைந்து, நெருப்பாக ஊதி, சட்டென்று நிற்கும். பத்து நிமிடம் கழித்துத் திரும்பவும் இரையும். வரவேற்பறையில் 24 பாகை. தெர்மோஸ்ராற் அதைப் பார்த்துவிட்டுப் போதும் என்று நிறுத்திவிடும். கடைசி அறையில் மகள் தொப்பியோடு படித்துக்கொண்டிருப்பாள், அங்கே 17. அவருக்கு அழைத்தேன். “புதுசுதானே அண்ணை, பழகும்” என்றார். அம்மாவுக்கு மட்டும் புதுப்பெட்டி நன்றாகப் பிடித்துவிட்டது. வடகம் ஒரே நாளில் காய்ந்தது.

2013 டிசம்பரில், நத்தாருக்கு முந்தின கிழமை, உறைமழை பெய்து ரொறன்ரோவில் மூன்று லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போனது. எங்களுக்கு இரண்டரை நாள். எரிவாயு வந்துகொண்டிருந்தது, ஃபர்னஸ் எரியவில்லை. காற்றாடியும் கட்டுப்பாட்டுப் பலகையும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கரியடுப்பு மூட்டலாமோ என்று அம்மா கேட்டார். நல்லவேளை, வீட்டில் கரி இல்லை. மைத்துனர் வீட்டு சோபாவில் படுத்தோம்.

கரி இல்லாமலே ஆபத்து வந்தது, ஒரு வருடம் கழித்து. 2014 ஒக்டோபரிலிருந்து ஒன்ராறியோவில் எரிவாயு எரியும் வீடுகளில் படுக்கையறைக்குக் கிட்ட கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. சட்டத்துக்குப் பயந்துதான் ஒன்றை வாங்கிக் கொழுவினேன். ஜனவரி காலை. மகள் குளித்துக்கொண்டிருந்தாள், மனைவி அடுப்புக்கு மேலே உள்ள காற்றாடியைப் போட்டுத் தாளித்தாள், கீழே உடுப்பு உலர்த்தி ஓடியது. கருவி கத்தத் தொடங்கியது. வெங்காயப் புகையாக்கும் என்று நான் துவாயை வீசி அடக்கப் பார்த்தேன். மனைவிதான் எல்லோரையும் வெளியே தள்ளினாள். ஈரத் தலையோடு மகள், மேல்கோட்டும் செருப்புமாக அம்மா, பனிக்குள் நின்றோம்.

தீயணைப்பு வண்டிக்குப் பிறகு எரிவாயுக்காரர் வந்தார். வயதான, அவசரமில்லாத மனிதர். சுடுதண்ணித் தாங்கியின் தலையில், புகை குழாய்க்குள் ஏறும் இடத்தில் ஒரு புகைக்குச்சியைப் பிடித்தார். புகை மேலே போக வேண்டும். அது திரும்பி என் முகத்துக்கு வந்தது. அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. முன்னர் ஃபர்னஸும் சுடுதண்ணித் தாங்கியும் ஒரே செங்கல் புகைக்கூண்டைப் பாவித்தன. ஃபர்னஸின் பெருஞ்சூட்டில் கூண்டு எப்போதும் வெதுவெதுப்பாக இருந்தது, சின்னவனின் புகையும் அதோடு சேர்ந்து ஏறிப் போனது. ஃபர்னஸைப் பக்கச் சுவருக்கு மாற்றியதும் அந்தப் பெரிய கூண்டு குளிர்ந்துவிட்டது. தாங்கியின் சொற்பப் புகையால் அதைச் சூடாக்கி மேலே ஏற முடியவில்லை. போதாததற்குக் குசினிக் காற்றாடியும் உலர்த்தியும் வீட்டுக் காற்றை வெளியே தள்ள, கூண்டு வழியாகப் புகை உள்ளே இறங்கியது. கூண்டுக்குள் ஓர் ஒடுங்கிய உலோகக் குழாய் இறக்கியிருந்தால் போதும். ஃபர்னஸ் மாற்றுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான் என்றார். பாவிக்கக்கூடாது என்று தாங்கியில் சிவப்பு அட்டை கட்டினார். “யார் பூட்டியது? பில் இருக்கிறதா?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுதினார்.

மணமில்லாத புகையும் இருக்குமோ என்று அம்மா அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

‘எங்கட ஆளு’க்கு அழைத்தேன். “நான் வந்து பாக்கிறன் அண்ணை” என்றார். வரவில்லை. ஒன்ராறியோவில் எரிவாயுக் குழாயில் கைவைக்கிறவருக்கு டி.எஸ்.எஸ்.ஏ என்ற அமைப்பின் சான்றிதழ் வேண்டும். ஜி3 என்றால் இன்னொருவரின் மேற்பார்வையில்தான் வேலை செய்யலாம், ஜி2 என்றால் வீட்டு வேலைகளைத் தனியாகச் செய்யலாம். இதையெல்லாம் பிறகுதான் தேடி வாசித்தேன். அவரிடம் என்ன இருந்தது என்று நான் கேட்டதே இல்லை. அடுத்த வருடம் ஒரு கலியாண மண்டபத்தில் கண்டேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “அம்மா எப்பிடி இருக்கிறா? அந்தப் புட்டை மறக்கேலாது அண்ணை” என்றார். அம்மா சுகம் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மனைவி தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

2017 இல் ஃபர்னஸின் கட்டுப்பாட்டுப் பலகை செத்தது. தயாரிப்பாளரைக் கூப்பிட்டால், பூட்டிய உடனே பதிவு செய்திருந்தால் 10 வருட உத்தரவாதம், பதியாததால் 5 வருடத்தோடு முடிந்தது என்றார்கள். பலகைக்கும் கூலிக்குமாக 740 டொலர். மனைவி கணக்கர். 806 இலிருந்து 740 ஐக் கழித்து, “இன்னும் 66 டொலர் லாபத்தில இருக்கிறம்” என்றாள். பிறகு இறக்கிய புகைக்கூண்டுக் குழாயின் செலவை அவள் அந்தக் கணக்கில் சேர்க்காதது கருணை.

கழுத்தில் அட்டை தொங்க, கதவைத் தட்டி வரும் பெடியன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மீற்றர் பார்க்க வந்திருக்கிறேன் என்பார்கள், எரிவாயு பில்லைக் காட்டச் சொல்வார்கள், போகும்போது ஃபர்னஸை மாத வாடகைக்கு எடுத்ததாகக் கையெழுத்து வாங்கிப் போவார்கள். எங்கள் தெருவில் ஒரு போர்த்துக்கீசக் கிழவி வீட்டை விற்கப் போனபோதுதான், தன் ஃபர்னஸின் பேரில் வீட்டுப் பத்திரத்திலேயே ஒரு கடன் பதியப்பட்டிருப்பதை அறிந்தார். 2018 மார்ச் 1 முதல் அழைக்காமல் கதவைத் தட்டி ஃபர்னஸ் போன்ற பொருட்களுக்கு ஒப்பந்தம் எழுதுவதை ஒன்ராறியோவின் சட்டம் தடுத்தது. 2024 ஜூனில் அப்படிப் பத்திரத்தில் பதிவதையும் தடுத்தது. தட்டுவது முழுக்க நிற்கவில்லை. அம்மா இப்போது யன்னலுக்குள்ளால் பார்த்து, “ஒருத்தரும் வீட்டில இல்லை” என்று தமிழில் சத்தமாகச் சொல்லிவிடுவார்.

2022 ஜூனில் ஏசியும் போனது. அப்போது மத்திய அரசாங்கம், வீட்டைத் திருத்தினால் உச்சமாக 5,000 டொலர் தரும் திட்டம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தது. 2021 இல் தொடங்கியது, இப்போது மூடியாகிவிட்டது. அதில் எனக்குப் பிடித்த நிபந்தனை, வேலைக்கு முன்னும் பின்னும் ஒரு பரிசோதகர் வந்து வீட்டை அளக்க வேண்டும் என்பது. பெட்டி விற்காத ஒருவர் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தது அதுதான் முதல்தரம்.

வந்தவர் அதிகம் பேசாத ஒரு பெண். முன்கதவைத் திறந்து, அந்த இடைவெளியைச் சிவப்புத் துணிச் சட்டத்தால் அடைத்து, அதன் நடுவே ஒரு பெரிய காற்றாடியைப் பூட்டினார். யன்னல்களெல்லாம் பூட்டியிருந்தன. காற்றாடி வீட்டுக் காற்றை வெளியே இழுக்க, உள்ளே அழுத்தம் 50 பஸ்கால் இறங்கியது. பிறகு எங்களை அழைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தார். மின்சாரச் செருகிகளுக்குள்ளால் காற்று வந்தது. கூரைக்கு ஏறும் மூடியைச் சுற்றிச் சீழ்க்கை அடித்தது. நிலவறையில், அத்திவாரச் சுவரும் மர உத்தரமும் சேரும் இடத்தில் கையை வைத்தால், யாரோ பக்கத்தில் நின்று ஊதுவது மாதிரி. அம்மா சாமியறைக்குப் போய் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்தார். பரிசோதகர் சிரித்துவிட்டு, தன் புகைப் பேனையைப் பைக்குள் வைத்தார். அன்று மீதி ஓட்டைகளையெல்லாம் அம்மாதான் கண்டுபிடித்தார். மகளின் அறையில் மட்டும் ஏழு. 18 வருடமாக நான் வெளியே அனுப்பிக்கொண்டிருந்த காசு அந்த ஊதுவத்திப் புகைக்குள் நெளிந்து நெளிந்து ஓடுவதைப் பார்த்தேன்.

மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர் தொலைபேசியிலேயே சொன்னார். ஒருவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார். மூன்றாவது வந்தவன் திரும்பவும் எங்கட ஆள். ஆனால் இங்கே பிறந்தவன், முப்பது வயது இருக்கும், தமிழ் பாதியும் இங்கிலீசு பாதியும். மனைவி என்னைப் பார்த்தாள். நான் இந்தமுறை ஒரு தாளில் 14 கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். தமிழில் கேட்க நாக்கு எழும்பாது என்று தெரிந்து, இங்கிலீசிலேயே எழுதியிருந்தேன். சான்றிதழ் எண் என்ன? காப்புறுதி உண்டா? அனுமதிப் பத்திரம் யார் எடுப்பது? புகைக்கூண்டை யார் பார்ப்பது? ஒரு வங்கிக்காரன் மாதிரி விறைப்பாக வாசித்தேன். இரண்டாவது கேள்வியிலேயே அவன் நிறுத்தினான்.

“அங்கிள், தமிழில கேளுங்கோ, எனக்கு விளங்கும்” என்றான். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தான். “இந்த நம்பரை நீங்கள் போய்ச் செக் பண்ணலாம். பண்ணவேணும்.”

லேசர் கருவியால் ஒவ்வோர் அறையையும், ஒவ்வொரு யன்னலையும் அளந்தான். கூரைக்குள் ஏறித் தும்மிக்கொண்டு இறங்கினான். இரண்டு மணித்தியாலம். எந்த அறையில் அம்மம்மா கூடுதலாக இருக்கிறவ என்றும் கேட்டான். “முதல் அட்டிக்கை மூடுங்கோ அங்கிள், பிறகு மெஷினைப் பத்திக் கதைப்பம்.” அனுப்பிய கணக்கில், மூடிய பிறகு, வெளியே -18 பாகையில் எங்கள் வீட்டுக்கு மணிக்கு 37,000 பி.டி.யு போதும் என்று இருந்தது. பழைய பெட்டி அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். நான்கு நிமிடத்தில் அது களைத்து நின்றதன் காரணம் அதுதான். அவன் சொன்னது, வெளிக்காற்றின் சூட்டை உள்ளே இழுக்கும் இரண்டரைத் தொன் ஹீற்பம்ப். -15 க்குக் கீழே போனால் கைகொடுக்க 40,000 இல் ஒரு சின்ன எரிவாயு ஃபர்னஸ். முழுக்க மின்சாரத்துக்கே போகலாம், ஆனால் எங்கள் மின்சாரப் பெட்டி 100 அம்பியர். மின்சாரச் சூடாக்கி ஒன்றே அதில் நாற்பதைத் தின்றுவிடும்.

“இரண்டரைத் தொன்னோ? எப்பிடி ராசா தூக்கிறது?” என்று அம்மா பதறினார். அது நிறையில்லை. ஒரு தொன் பனிக்கட்டி 24 மணித்தியாலத்தில் உருகினால் எவ்வளவு குளிர்மை தருமோ, அதுதான் ஒரு தொன். மணிக்கு 12,000 பி.டி.யு. ஐஸ்கட்டி வியாபாரம் நடந்த காலத்து அளவு. அவன் அதை அம்மாவுக்குப் பாதித் தமிழில் விளங்கப்படுத்த, அம்மா தலையாட்டிவிட்டு என்னிடம், “பெடியன் பொய் சொல்லுறான் போல” என்றார்.

ஒக்டோபரில் பூட்டினான். அதில் ஒரு மணித்தியாலத்தை மட்டும் சொல்ல வேண்டும். வெளிப்பெட்டிக்கும் உள்பெட்டிக்கும் நடுவே செப்புக் குழாய் இழுத்து, நைதரசன் அடைத்துக் கசிவு பார்த்த பிறகு, குழாயை ஒரு பம்பில் கொழுவிக் காற்றையெல்லாம் உறிஞ்சவிட்டான். உள்ளே ஈரம் மிஞ்சினால் அது எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, நாளடைவில் கொம்பிரசரைத் தின்றுவிடும் என்றான். உள்ளே மிஞ்சும் அழுத்தம் 500 மைக்ரனுக்குக் கீழே போக வேண்டுமாம். கவிழ்த்துவைத்த வாளியில் உட்கார்ந்து அந்தச் சின்ன மானியையே பார்த்துக்கொண்டிருந்தேன். 1,200. 900. 640. கனநேரம் 560 இல் நின்றது. பிறகு 480. பம்பை நிறுத்திவிட்டு, ஏறுகிறதா என்று இன்னும் அரை மணித்தியாலம் பார்க்க வேண்டும் என்றான். 490 இல் நின்றது. அப்பாவின் கதிரை எனக்கு ஞாபகம் வந்தது. “ஏன் நைதரசன், சும்மா காத்து அடைச்சா என்ன?” என்று கேட்டேன். தமிழில்தான் கேட்டேன். கேட்டது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

பில் 13 வீத வரியோடு வந்தது. உத்தரவாதத்தை அவனே பதிந்து அனுப்பினான். இந்தமுறை யாரும் புட்டுச் சாப்பிடவில்லை. அவர்கள் மத்தியானம் வண்டிக்குள் பீட்சா சாப்பிட்டார்கள். அது அம்மாவுக்குப் பெரிய குறை.

அதைவிடப் பெரிய குறை டிசம்பரில் வந்தது. “இதென்ன, காத்து வருது, சூட்டைக் காணேல்லை.” ஃபர்னஸ் ஊதும் காற்று 50 பாகைக்கு மேலே இருக்கும். ஹீற்பம்ப் 35, 40 என்று மெதுவாக ஊதிக்கொண்டே இருக்கும், நிற்காது. மகளின் அறையிலும் 21, வரவேற்பறையிலும் 21. வீட்டில் எங்கேயும் குளிரவில்லை, எங்கேயும் சுடவில்லை. இரும்புத் தட்டிக்கு மேலே வைத்த வடகம் மூன்றாம் நாளும் பிசுபிசுத்தது. நான்காம் நாள் பூஞ்சணம் பிடித்தது. அம்மா அதைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே பிடித்தார். “முந்திப் போட்ட பெடியன்தான் வேலைகாரன். பாவம், எவ்வளவு பக்குவமாச் சாப்பிட்டுட்டுப் போனவன்.”

ஒரு காலை, “ஐயோ, பெட்டி எரியுது, ஓடி வா!” என்று கத்தினார். ஓடினேன். பக்கவாசலில் வெளிப்பெட்டியிலிருந்து வெண்புகை முகிலாக எழுந்தது. புகையில்லை, நீராவி. வெளிச்சுருளில் உறைபனி படிந்தால் பெட்டி சில நிமிடம் தலைகீழாக ஓடி, வீட்டுச் சூட்டை வெளியே எடுத்துப் பனியை உருக்கும். நியாயமான வேலைதான். ஆனால் உருகின தண்ணீர் பக்கவாசல் நடைபாதையில் வழிந்து கண்ணாடியாக உறைந்திருந்தது. அதில் நான் முழங்கால் அடிபட விழுந்தேன். லேசரால் வீடு முழுக்க அளந்தவன் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று பார்க்கவில்லை. அவனுக்கு அழைத்தேன். குரலை உயர்த்தவுமில்லை, குழையவுமில்லை. இப்படி நடந்திருக்கிறது, இதைச் சரிசெய்ய வேண்டும் என்றேன். நான்கு நாளில் தகப்பனையும் கூட்டிக்கொண்டு வந்து, பெட்டியை அது நிற்கும் சட்டத்தோடு பின்வளவுக்கு மாற்றினான். தகப்பன் எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி. அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து வடகக் கதையை முழுவதும் சொன்னார். அவர் மகனை ஒருமாதிரிப் பார்த்தார்.

2023 பெப்ரவரி தொடக்கத்தில் ஓர் இரவு, என் வாசல் வெப்பமானி -20 காட்டியது. விடியப்புறம் 3 மணி இருக்கும். கீழே ‘டிக்’ என்றது. கொஞ்சம் பொறுத்துக் காற்றாடியின் சத்தம் மாறியது. சின்ன ஃபர்னஸ் கைமாற்றி எடுத்துக்கொண்டது. அது சரியாகத்தான் எரிகிறதா என்று பார்க்க எழுந்து வந்தேன். வரவேற்பறையில் வெளிச்சம். போர்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு அம்மா இரும்புத் தட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து, கம்பி அடுக்கில் வடகங்களை ஒவ்வொன்றாகப் பரப்பிக்கொண்டிருந்தார். காற்று அவர் போர்வையின் கரையை மெல்லத் தூக்கியது.

“இப்பதான் பெட்டி வேலை செய்யுது” என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “நாளைக்கும் இப்பிடிக் குளிருமோ?” என்று கேட்டார்.